சேஸி பிரேஸ் பூட்டினால் கார் நன்றாகத் திரும்புமா? என் திறந்த காரில் பூட்டியும் கழற்றியும் கண்டது

ஒரு மாலையில் காரை நிறுத்தும்போது இடது முன் சக்கரம் மட்டும் நடைமேடையின் விளிம்பில் ஏறி நின்றுவிட்டது. இறங்கிக் கதவைத் தள்ளினேன், மூடவில்லை. பூட்டின் வாய், கதவுச் சட்டத்திலுள்ள கொக்கியின் மேல் முனையில் இடித்துத் திரும்பி வந்தது. இரண்டாவது முறை சற்றுத் தூக்கி அழுத்தியதும் ‘டக்’கென்று உட்கார்ந்தது. சந்தேகப்பட்டுக் காரைப் பின்னால் எடுத்துச் சமதரையில் நிறுத்திப் பார்த்தால், அதே கதவு ஒரு விரலால் தள்ளியதற்கே ஓசையின்றி மூடிக்கொண்டது. ஒரு சக்கரம் ஒரு சாண் உயரம்கூட ஏறாத நிலையில் காரின் உடல் முறுக்கிக்கொண்டு, கதவுச் சட்டத்தையே மூலைமட்டம் தவற வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. நிற்கும்போதே இப்படியென்றால், வளைவில் வேகமாகப் போகும்போது இந்த உடல் என்ன பாடு படும் என்ற கேள்வியோடு, உடல் முறுக்காமல் இருக்கக் கூடுதலாகப் பூட்டும் கம்பியான சேஸி பிரேஸ் வாங்கக் கிளம்பினேன். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் பூட்டியும், கழற்றியும், அளந்தும், சில இடங்களில் நன்றாக ஏமாந்தும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 1990-ஆம் ஆண்டின் மஸ்தா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர் எஞ்சின், இரண்டே இருக்கைகள், துணிக்கூரை, ஏறத்தாழ 950 கிலோ எடை. மூடிய காரில் கூரையும் தூண்களும் தரையும் சேர்ந்து ஒரு பெட்டியாகிவிடுகின்றன. முறுக்கத்தைத் தாங்குவதில் பெட்டிக்கு நிகர் பெட்டிதான். ஒரு தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் உருவி, இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். ஈரத்துணியைப் பிழிவதுபோல வளைந்து கொடுக்கும். அதையே உறைக்குள் செருகித் திருகினால் கை வலிக்கும். கூரை இல்லாத கார் என்பது அந்த உள்தட்டுதான். அதற்கு எஞ்சியிருப்பவை கதவுகளுக்குக் கீழே பெட்டி வடிவில் ஓடும் சில்கள், கியர்பாக்ஸை மூடியபடி நடுவில் செல்லும் சுரங்கம், தரைத் தகடு ஆகியவை மட்டுமே. இதைத் தயாரிப்பாளர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். 1993-இல் 1.8 லிட்டர் எஞ்சினைக் கொடுத்தபோது மஸ்தாவே இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சட்டத்தையும், சஸ்பென்ஷனைத் தாங்கும் சிறு சட்டங்களான சப்ஃபிரேம்களுக்குக் கூடுதல் தாங்கிகளையும் சேர்த்தது. 1996-இல் வந்த லோட்டஸ் எலிஸ், அலுமினிய உத்திரங்களைப் பசையால் ஒட்டிச் செய்த 68 கிலோ சட்டத்தோடு இதே சிக்கலைத் தீர்த்தது. விறைப்புக்காக அதன் சில்களை அவ்வளவு உயரமாக வைத்ததால் அதில் ஏறி இறங்குவது இன்றும் ஒரு தனி உடற்பயிற்சி.

திறந்த காரை ஓட்டுபவர் முதலில் உணர்வது வளைவில் ஏற்படும் குறையை அல்ல, நடுக்கத்தை. சக்கரம் குண்டுகுழியில் துள்ளும்போது அதன் அதிர்வு வினாடிக்கு 10 முதல் 15 முறை வரை இருக்கும். விறைப்பான மூடிய உடல் இதைவிட மிக உயர்ந்த வேகத்தில்தான் தன் இயல்பில் அதிரும் என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. கூரை போனதும் உடலின் முறுக்கு அதிர்வு கீழே இறங்கிச் சக்கரத் துள்ளலுக்கு அருகில் வந்துவிடுகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல ஒவ்வொரு குழியும் உடலைத் தள்ளிவிடுகிறது. ஸ்டீயரிங் தண்டு நடுங்கும், முன்கண்ணாடிச் சட்டம் ஆடும், பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரியும். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க டாம்பர் இருக்கிறது. உடல் என்னும் இந்தப் பெரிய ஸ்பிரிங்குக்கோ டாம்பரே கிடையாது. சில திறந்த கார்களின் டிக்கியில் ரப்பரில் தொங்கவிட்ட ஓர் எடையை வைத்திருப்பது இந்த நடுக்கத்தைத் தின்னத்தான்.

இவ்வளவும் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அப்போது தெரிந்ததெல்லாம், பானட்டைத் திறந்தால் பளபளவென்று தெரியும் ஸ்ட்ரட் பார் ஒன்று இருக்கிறது, அதைப் பூட்டப் பத்து நிமிடம் போதும் என்பதே. மெருகேற்றிய அலுமினியக் குழாய், எஞ்சினைத் தாண்டிச் செல்ல நடுவில் அழகாக ஒரு வளைவு, இரு முனைகளிலும், முன் ஸ்பிரிங்குகளின் தலையைத் தாங்கும் கோபுரங்களின் மேல் உட்காரும் வளையத் தகடுகள். பூட்டிய அன்றே ஓட்டிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் கத்திபோல வளைவுக்குள் நுழைகிறது என்று நண்பரிடம் பெருமையடித்தேன். அவர் பொறியாளர், சிரித்துவிட்டு, “காசு கொடுத்து வாங்கியதல்லவா, அப்படித்தான் இருக்கும்” என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்ட அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: அந்தக் கோபுரங்களை உள்ளே தள்ளுகிற விசை எங்கிருந்து வருகிறது?

ஸ்பிரிங்கும் டாம்பரும் ஒரே தண்டாக நிற்கும் மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்புள்ள காரில் சக்கரத்தின் மேல்முனையைப் பிடித்திருப்பதே அந்த ஸ்ட்ரட்தான். வளைவில் டயர் பக்கவாட்டில் தள்ளும்போது அந்த விசையில் ஒரு பங்கு ஸ்ட்ரட் வழியே ஏறிக் கோபுரத்தின் தலையை நேராகத் தள்ளுகிறது; இரு கோபுரங்களையும் ஒரு குறுக்குக் கம்பியால் கட்டுவதில் அங்கே பொருள் உண்டு. என் காரில் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு. மேல் கையும் கீழ் கையும் சப்ஃபிரேமில் பிடிக்கப்பட்டிருப்பதால் பக்கவாட்டு விசை அங்கேயே முடிந்துவிடுகிறது. கோபுரத்துக்கு வந்து சேர்வது ஸ்பிரிங்கும் டாம்பரும் மேல்நோக்கித் தரும் அழுத்தம் மட்டுமே. வேலையே இல்லாத இடத்தில் நான் ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தேன். அதிலும் அந்தக் காவலாளி வளைந்த முதுகுக்காரன். நேரான கம்பியை இரு முனைகளிலும் பிடித்து அமுக்கினால் அசையாது. துணி மாட்டும் கம்பி ஹேங்கரை அமுக்கினால் வளைந்துவிடும். நடுவில் வளைவுள்ள பார், இழுவிசையையும் அழுத்தத்தையும் வளைதலாக மாற்றிக்கொள்கிறது. விறைப்பு அங்கேயே கரைந்துபோகிறது. போதாததற்கு அது அலுமினியம். அதே தடிமனில் எஃகின் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அதற்கு உண்டு.

நண்பர் அன்று ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கு, அதன் பிறகு நான் வாங்கிய ஒவ்வொரு பொருளின்போதும் நினைவுக்கு வந்தது. சஸ்பென்ஷனும் உடலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த இரு ஸ்பிரிங்குகள். கார் சாயும்போது முன் சஸ்பென்ஷன் ஒரு டிகிரிக்கு 500 நியூட்டன் மீட்டர் எதிர்ப்பைத் தருகிறது என்றும், உடலின் முறுக்கு விறைப்பு டிகிரிக்கு 5000 என்றும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து தருவது 455. பிரேஸ் பூட்டி உடலின் விறைப்பை 10 சதவீதம் உயர்த்தினால் அது 458 ஆகிறது. மாற்றம் ஒரு சதவீதம்கூட இல்லை. இப்போது பந்தயத்துக்கான கடினமான ஸ்பிரிங்குகளும், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தடித்த ஆன்டி ரோல் பாரும் போட்டு சஸ்பென்ஷனை 1500 ஆக்குவோம். முதல் கூட்டு 1154, பிரேஸ் போட்ட பின் 1179. இப்போது மாற்றம் இரண்டு சதவீதத்தைத் தாண்டுகிறது. மிருதுவான ஸ்பிரிங்கோடு ஓடும் காரில் உடலின் நெகிழ்ச்சி சஸ்பென்ஷனின் நிழலில் மறைந்து கிடக்கிறது. ஸ்பிரிங்கைக் கடினமாக்க ஆக்க அது வெளிச்சத்துக்கு வருகிறது. 1962-இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் லோட்டஸ் 25 பந்தயக் காரை மோனோகாக்காக, அதாவது தகட்டு உடலே சட்டமாக, செய்தபோது முந்தைய குழாய்ச் சட்டத்தைவிட எடை பாதியாகவும் விறைப்பு மூன்று மடங்காகவும் ஆனது. அதன் பெரும்பயன் சஸ்பென்ஷனை நிம்மதியாக மிருதுவாக வைத்து அதைத் தன் வேலையைச் செய்ய விட முடிந்ததில்தான் இருந்தது என்று நண்பர் சொன்னார். பிரேஸ் வாங்கும் பலர், நானும் சேர்த்தே, இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தோம்.

அடுத்ததாகத் தரைக்கு இறங்கினேன். இந்தக் காரின் தரைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு மெல்லிய தகட்டு உத்திரங்கள் ஓடுகின்றன. எத்தனையோ ஆண்டுகளாக யார் யாரோ ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்துத் தூக்கியதில் என் காரின் உத்திரங்கள் இடையிடையே தட்டையாகிப் போயிருந்தன. அவற்றின் மேல் தடித்த எஃகு உறைகளைப் போர்த்தி, இரண்டையும் சுரங்கத்துக்குக் கீழே குறுக்கும் மூலைவிட்டமுமாகக் கம்பிகளால் கட்டுவதுதான் நான் வாங்கிய தரைப் பிரேஸின் வடிவம். மொத்தம் ஏறத்தாழ ஒன்பது கிலோ. 950 கிலோ காரில் ஒன்பது கிலோ பெரிய எண். ஆனால் அது காரின் மிகத் தாழ்ந்த இடத்தில் உட்கார்வதால் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

இதைப் பூட்டியதில் நேர்ந்த தவறு எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடியது. காரை இரண்டு தூண் லிஃப்டில் ஏற்றி, சக்கரங்கள் தொங்க, சாவகாசமாக நின்றபடி எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் முறையாக இறுக்கினோம். கீழே இறக்கிய பிறகு ஓட்டுநர் பக்கக் கதவு சமதரையிலேயே கொக்கியில் உரசத் தொடங்கியது. லிஃப்டின் கைகள் காரை நடுப்பகுதியில் தாங்கும்போது எஞ்சினின் எடையால் முன்பக்கமும் டிக்கியின் எடையால் பின்பக்கமும் சற்றே தொங்குகின்றன. அந்தத் தொங்கிய வடிவத்திலேயே உடலைக் கம்பிகளால் பூட்டிவிட்டோம். எல்லா போல்ட்டுகளையும் தளர்த்தி, கார் தன் நான்கு சக்கரங்களில் சரிவுப் பலகைகளின் மேல் நிற்க, மல்லாந்து படுத்துக்கொண்டு மீண்டும் இறுக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது; கதவு சரியாயிற்று. அந்த உரசல் கோடு கொக்கியின் மேல் இன்னும் இருக்கிறது. எந்தப் பிரேஸாக இருந்தாலும் கார் தன் சக்கரங்களில் சமமாக நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு என்பதை அந்தக் கோடு எனக்கு நினைவூட்டுகிறது.

இம்முறை பெருமையடிக்கும் முன் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நண்பர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, பூவா தலையா என்பதற்கேற்ப ஒரு பிரேஸைப் பூட்டியோ கழற்றியோ வைப்பார். நான் வேறிடத்தில் இருந்துவிட்டு வந்து, ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டி, அது இருக்கிறதா இல்லையா என்று எழுதித் தர வேண்டும். கழற்றிய கம்பிகளை அவர் பழைய போர்வையில் சுற்றிக் காருக்குள்ளேயே வைத்துவிட்டதால் எடையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. பானட்டைத் திறக்கவோ காருக்கு அடியில் குனியவோ கூடாது. ஸ்ட்ரட் பாருக்கு எட்டு ஓட்டங்கள் ஒரே காலையில் முடிந்தன. தரைப் பிரேஸின் குறுக்குக் கம்பிகளைக் கழற்றிப் பூட்ட ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் ஆனதால் அதற்கு இரண்டு வார இறுதிகள் தேவைப்பட்டன. நண்பரின் பொறுமைக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

ஸ்ட்ரட் பாரில் எட்டுக்கு நான்கு சரி. அதாவது நானும் நாணயத்தைச் சுண்டியிருக்கலாம். கத்திபோல நுழைகிறது என்று நான் சத்தியம் செய்த அந்த முன்பக்கம், பார் இல்லாத ஓட்டங்கள் இரண்டிலும் எனக்குக் கத்திபோலவே தெரிந்திருக்கிறது. தரைப் பிரேஸில் எட்டுக்கு ஏழு சரி. குருட்டாம்போக்கில் சொல்லி ஏழோ அதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு 256-இல் 9 தான் என்பதால் இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. ஆனால் நான் எதைக் கொண்டு கண்டுபிடித்தேன் என்பதுதான் முக்கியம். வளைவில் கிடைத்த பிடியைக் கொண்டு அல்ல. சாலையின் சிமெண்ட் இணைப்புகளைத் தாண்டும்போது பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்த உருவம் கலங்காமல் நின்றதைக் கொண்டும், ஸ்டீயரிங்கை முதன்முதலாக ஓர் அங்குலம் திருப்பியதும் பின்பக்கமும் தாமதமின்றிக் கூடவே வந்ததைக் கொண்டும்தான். அந்த இரண்டாவது உணர்வை எழுத்தில் சொல்வது கடினம். முன்பெல்லாம் கார் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு திரும்பும். இப்போது அந்த மூச்சு குறைந்திருந்தது.

பந்தயத் தடத்தில் நேரம் குறைந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறையவில்லை; அல்லது குறைந்திருந்தாலும் என்னால் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஒரே அமர்வில் ஒரே காரில் நான் ஓட்டும் சுற்றுகளுக்குள்ளேயே அரை வினாடி ஏற்ற இறக்கம் இருக்கும்போது, பிரேஸின் பங்கு அதில் மூழ்கிவிடுகிறது. கெட்டியாகிப்போன பழைய டயர்களை மாற்றி வீல் அலைன்மென்ட்டைத் திருத்திய அன்று ஒன்றரை வினாடி குறைந்தது. அதைக் காண எந்த நாணயமும் தேவைப்படவில்லை. டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள ஒட்டுதலைப் பிரேஸ் கூட்டுவதில்லை, கூட்டவும் முடியாது.

ஆனால் தடத்தில் வேறொன்று தெரிந்தது. பின்பக்க ஆன்டி ரோல் பாரில் கடினம், மிருது என இரண்டு துளைகள் உண்டு. பிரேஸ் இல்லாத நாட்களில் எந்தத் துளைக்கு மாற்றினாலும் கார் அலட்டிக்கொள்ளாது. நான் அதைப் பாரின் குறையென்றே நினைத்திருந்தேன். தரைப் பிரேஸ் வந்த பிறகு கடினமான துளைக்கு மாற்றிய முதல் சுற்றிலேயே, வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் வெளியே நழுவ வந்தது. இதற்குக் காரணம் உண்டு. வளைவில் உள் சக்கரங்களிலிருந்து வெளிச் சக்கரங்களுக்கு மாறும் எடையை முன் அச்சும் பின் அச்சும் தம் விறைப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கீடுதான் கார் முன்னால் தள்ளுமா பின்னால் வழுக்குமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. உடல் முறுக்கிக்கொண்டால் முன்பாதி ஒரு கோணத்திலும் பின்பாதி வேறொரு கோணத்திலும் சாய்கின்றன. பின்னால் நாம் செய்த மாற்றம் நடுவழியில் நெகிழ்ந்துபோய் முன்னால் போய்ச் சேர்வதில்லை. பிரேஸ் எனக்குத் தந்த உண்மையான பயன் இதுதான்: காரில் நான் செய்யும் மாற்றங்களுக்குக் கார் பதில் சொல்லத் தொடங்கியது. மாற்றம் எதுவும் செய்யாமல் ஓட்டுகிறவருக்கு இதனால் ஆகப்போவது குறைவு. பழக்கமில்லாத ஓட்டுநருக்கு, முன்பு மழுங்கலாக இருந்த கார் இப்போது சற்றுத் திடீரென்று நடந்துகொள்வது இடைஞ்சலாகவும் இருக்கலாம்.

இத்தோடு நின்றிருந்தால் நான் பிரேஸின் பக்கமே சாய்ந்து எழுதியிருப்பேன். அடுத்த ஆண்டு பின் சப்ஃபிரேமுக்கு ஒரு தாங்கி பூட்டுவதற்காகப் பின் சக்கரத்துக்கு முன்னாலுள்ள சில்லைத் துடைத்தபோது ஸ்க்ரூடிரைவரின் முனை உள்ளே போய்விட்டது. அழுத்தவே இல்லை, பப்படத்தில் விரல் போவதுபோலப் போயிற்று. பெயிண்ட் நல்ல பளபளப்போடு இருந்தது, அதற்குப் பின்னால் தகடு இல்லை. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள வடிகால் குழாய்கள் வழியே சில்லுக்கு அருகில் வெளியேற வேண்டும். அந்தக் குழாய்களில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளேயே தேங்கி, சில்லை உள்ளிருந்து தின்னும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நெகிழிக் கம்பியை விட்டுக் குழாயைச் சுத்தம் செய்திருந்தால் போதும். ஐந்து நிமிட வேலையை நான் ஐந்து ஆண்டுகள் செய்யவில்லை. கூரையில்லாத காரின் முறுக்கத்தைத் தாங்கும் முதன்மையான உறுப்பே சில்தான். அதில் ஒரு கையகல ஓட்டையை வைத்துக்கொண்டு, தரைக்கு அடியில் ஒன்பது கிலோ இரும்பைக் கட்டியிருந்தேன்.

வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்ய இரு வாரங்கள் ஆயின. தகடு பற்றவைக்கும்போது கார் எங்கும் தொங்காமல் சரியாகத் தாங்கப்பட்டிருக்கிறதா என்பதையும், கதவு இடைவெளி மாறவில்லை என்பதையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டேன். லிஃப்ட் பாடம் அதற்குள் படித்தாயிற்று. பிறகு, அந்த முதல் மாலையில் கண்டதை முறைப்படி அளக்கும் என் வழக்கத்தைத் திரும்பவும் செய்தேன். சமதரையில் கதவின் பின்மேல் மூலைக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை, அளவிட்ட மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளந்துகொண்டு, ஒரு முன் சக்கரத்தை 10 சென்டிமீட்டர் பலகையில் ஏற்றி மறுபடி அளப்பது, அவ்வளவுதான் சோதனை. பிரேஸ் எதுவும் இல்லாதபோது இடைவெளி 1.4 மில்லிமீட்டர் மாறியது. ஸ்ட்ரட் பார் பூட்டியபோதும் அதே 1.4. தரைப் பிரேஸோடு 1.1. சில்லைச் சரிசெய்த பின், தரைப் பிரேஸையும் கழற்றிவிட்டு அளந்தபோது 0.9. இரண்டும் சேர்ந்தபோது 0.7. ஆய்வுக்கூடத்துத் துல்லியம் இதற்கு இல்லை, ஒரே கார், ஒரே கை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் துருவை வெட்டியெறிந்தது, நான் வாங்கிய எல்லாக் கம்பிகளையும்விட அதிகம் செய்தது என்பதை அந்த எண்கள் மறைக்கவில்லை. பழைய காரை வைத்திருப்பவர் யார் பிரேஸ் பற்றிக் கேட்டாலும் இப்போது நான் முதலில் கேட்பது, சில்லைத் தட்டிப் பார்த்தீர்களா என்பதே. நல்ல தகடு ‘டங்’ என்னும். துருப்பிடித்த தகடு ‘பொத்’ என்னும்.

சில்லுக்கு அடுத்தபடியாக, சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள். முப்பது ஆண்டுப் பழைய ரப்பர் வெடித்துச் சோர்ந்துபோனால் சஸ்பென்ஷன் கைகளே இடம் மாறுகின்றன. வளைவில் டோ கோணம், அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, தானாக மாறுவதை உடலின் முறுக்கம் என்று எண்ணிப் பிரேஸ் வாங்குவது எளிதாக நடக்கும் தவறு. இந்தக் காரில் நான்கு சக்கரங்களிலும் சக்கரக் கோணங்களைத் திருத்த மையம் விலகிய போல்ட்டுகள் உண்டு. அவை துருவில் பிடித்துக்கொண்டிருந்தால் அலைன்மென்ட் செய்தவர் பாதியில் விட்டுவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடவும் கூடும். என்னிடம் ஒருவர் அப்படிச் சொன்னார். அச்சிட்ட அளவுத்தாளைக் கையில் வாங்கும்வரை பணம் கொடுப்பதில்லை என்பது அன்று எடுத்த முடிவு.

நெகிழ்ச்சி என்றாலே கெடுதல் என்று நினைக்கத் தொடங்கியிருந்த நாளில் ஒரு கோ-கார்ட்டை ஓட்ட நேர்ந்தது நல்லதாயிற்று. கார்ட்டுக்கு ஸ்பிரிங் இல்லை, டிஃபரன்ஷியலும் இல்லை. பின் அச்சு ஒரே தண்டு என்பதால் இரு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் அதன் சட்டம் முறுக்கிக்கொண்டு உள்பக்கப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினால்தான் அது திரும்பும். அங்கே சட்டம்தான் சஸ்பென்ஷன். அதை இறுக்கிக் கட்டினால் வண்டி நேராக ஓடி வேலியில் இடிக்கும். காரிலும்கூட யமஹா செய்யும் பெர்ஃபார்மன்ஸ் டாம்பர் இன்னொரு வழியைக் காட்டுகிறது: உடலின் இரு புள்ளிகளை விறைப்பான கம்பியால் கட்டாமல், எண்ணெயும் வாயுவும் நிரப்பிய டாம்பரால் கட்டி, நெகிழ்வதை நெகிழவிட்டு அதன் அதிர்வை மட்டும் அடக்குவது. நடுக்கம்தான் உங்கள் குறையென்றால் இந்தச் சிந்தனை சரியான திசையில் இருக்கிறது.

இனி யாராவது ஒரு பிரேஸைக் கையில் கொடுத்தால் நான் பார்ப்பவை சில உண்டு. கம்பி இரு பிடிமானங்களுக்கும் இடையே நேராக ஓட வேண்டும். முனைகளில் ஒற்றை போல்ட்டில் சுழலும் கீல் இருந்தால் அது இழுப்பையும் அழுத்தத்தையும் மட்டுமே தாங்கும். ஆகவே அந்தக் கம்பி முக்கோணத்தின் ஒரு பக்கமாக இருந்தால் மட்டுமே பயன். நான்கு கம்பிகளைச் சதுரமாகக் கீலில் கோத்தால் அது பழைய கட்டில்போலச் சாய்ந்துகொள்ளும். ஒரு மூலைவிட்டம் போட்டால் நிற்கும். இரு கோபுரங்களை மட்டும் இணைப்பதைவிட அவற்றை எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரோடும் சேர்த்து முக்கோணமாகக் கட்டுவது மேல் என்பதும் இதனால்தான். குழாய் பருமனாக இருக்க வேண்டும். வளைதலையும் முறுக்கத்தையும் தாங்கும் குழாயில், சுவரின் தடிமன் மாறாமல் விட்டத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகிறது, எடையோ இரட்டிப்புதான். பிடிமானத் தகடு மெல்லியதாக இருந்தால் எவ்வளவு பருமனான குழாயும் வீண். தரைத் தகட்டின் நடுவில் துளைபோட்டு ஒரு வாஷரை நம்பிப் பூட்டும் வகைகளை நான் தொடுவதில்லை. கதவுத் திறப்பில் குறுக்கே நிற்பவையும், மோதலில் நசுங்குவதற்காகத் தயாரிப்பாளர் விட்டிருக்கும் முன்பகுதியைக் கட்டிப்போடுபவையும் பாதுகாப்புக் கணக்கையே மாற்றிவிடும். அன்றாடம் சாலையில் ஓடும் காருக்கு அவை வேண்டாம் என்பது என் கருத்து. தரைப் பிரேஸ் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எக்ஸாஸ்ட் குழாய்க்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதை வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். என்னுடையது எஞ்சின் சூடேறியதும் குழாய் விரிந்து கம்பியைத் தொட்டு, தகரத்தில் உளி தட்டுவதுபோல ஒரு மாதம் ஓசை எழுப்பியது.

புதிய மூடிய காரை வைத்திருப்பவர்களுக்கு நான் பிரேஸைப் பரிந்துரைப்பதில்லை. இக்காலத்து மூடிய உடல்களில் டிகிரிக்கு 20,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். அத்தகைய உடலில் ஒரு கம்பி சேர்க்கக்கூடியது என்ன என்பதை மேலே சொன்ன கணக்கில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தயாரிப்பாளர் உடலைத் திருத்துவது வேறு விஷயம். டொயோட்டா 86-இன் இரண்டாம் தலைமுறை 2021-இல் வந்தபோது முறுக்கு விறைப்பு ஏறத்தாழ 50 சதவீதம் உயர்ந்ததாக அறிவித்தார்கள், அது பிறகு பூட்டிய ஒரு கம்பியால் வந்ததல்ல.

என் காரில் இப்போது தரைப் பிரேஸ் இருக்கிறது, பின் தாங்கியும் இருக்கிறது. வடிகால் குழாய்களை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சுத்தம் செய்கிறேன். ஸ்ட்ரட் பாரைக் கழற்றிவிட்டேன். அது கார் நிறுத்துமிடத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, ஈரத் துணிகளை உலர்த்த உதவுகிறது. சென்ற வாரம் அதே நடைமேடை விளிம்பில், இம்முறை வேண்டுமென்றே, சக்கரத்தை ஏற்றி நிறுத்தினேன். கதவு சற்று முரண்டு பிடித்தது. ஆனாலும் இரண்டாவது தள்ளல் தேவைப்படாமலே மூடிக்கொண்டது. முன்கண்ணாடிச் சட்டம் மட்டும் 90 கிலோமீட்டர் வேகத்தில் சிமெண்ட் இணைப்புகளில் இன்னும் ஆடுகிறது. அதன் அடிவாரத் தகடுகளில் பழைய வெல்டிங் புள்ளிகள் விட்டுப்போயிருக்கலாம் என்று நண்பர் சந்தேகிக்கிறார். டேஷ்போர்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.